பந்து தராத வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால்

தனக்கொடி ஏழாவது மாதத்திலேயே நடந்துவிட்டாள் என்று பாகூர்ப் பக்கத்தில் சொல்வார்கள். ஒன்பதாவது மாதத்தில் களத்துமேட்டைத் தாண்டினாள். முதல் பிறந்த நாளுக்கு வந்த உறவுக்காரர்கள் பிள்ளையைத் தேடியபோது, அவள் பக்கத்து ஊர் ஐயனாரின் குதிரைக்குக் கீழே நின்றுகொண்டு, அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். காது குத்துவதற்காகத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஊசி இறங்குகிற நேரம் பார்த்து எழுந்து நடந்துவிட்டாள். அதனால் இடது காது ஓட்டை மட்டும் ஒரு விரற்கடை மேலே இருக்கிறது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவள் நிற்க மாட்டாள், கூடவே நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட கால்களுக்கு என்ன வேலை பொருந்தும்? கிராமத்துத் தபால் வேலைதான் கிடைத்தது. பதினான்கு வருடம் ஏழு ஊர்களுக்கு அவள்தான் தபால் கொண்டுபோனாள். அந்த ஊர்களில் விலாசம் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு எழுதுவது. ‘கறுப்பு எருமை அத்தைக்கு’ என்று மட்டும் எழுதி, ஊர்ப் பெயர்கூட இல்லாமல் துபாயிலிருந்து வந்த கடிதத்தை ஒரு மணி நேரத்தில் சேர்த்தவள் அவள். எருமை செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது என்பதுதான் அதில் விசேஷம்.

பிறகு இலாகாத் தேர்வு எழுதினாள், தேறினாள். நாற்பத்திரண்டாம் வயதில் புதுச்சேரி டவுனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். கணவன் முருகையன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். அவனுக்கு நாள் முழுவதும் நிற்கிற வேலை, இவளுக்கு நாள் முழுவதும் நடக்கிற வேலை. அந்த வீட்டில் நாற்காலி வாங்கி ஆறு வருடம் ஆகியும் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை.

டவுனில் அவளுக்குக் கிடைத்த பீட் சாரம் என்கிற பகுதியில் இருந்தது. பீட் என்றால் ஒரு தபால்காரர் தினமும் சுற்றி வருகிற தெருக்கள். அவள் பீட்டின் நடுவில் செவ்வரளி நகர் என்று ஒரு நகர். மொத்தம் நான்கு தெரு, எண்பத்தி ஒன்பது வீடு. ஆனால் பதினாலாம் நம்பர் வீடு மட்டும் மூன்று. ஒன்று பழைய நம்பர். ஒன்று புது நம்பர். மூன்றாவது, பதின்மூன்று ராசியில்லை என்று வீட்டுக்காரரே பெயின்ட் டப்பா வாங்கித் தானே போட்டுக்கொண்ட நம்பர். ஏழுக்கு அடுத்த வீடு முப்பத்தி இரண்டு. முப்பத்தி இரண்டுக்கு எதிர்வீடு ‘அம்மா அருள்’. அதற்கு நம்பரே கிடையாது, அருள் மட்டும்தான்.

அவளுக்கு முன்னால் அங்கே முப்பது வருடம் இருந்தவர் நாராயணசாமி. எல்லா வீட்டையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று தலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனில் கேட்கலாமே என்றால், முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சேதி சொன்னது போதும் என்று சபதம் எடுத்து, யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அவருடைய போனில் முருகன் பாட்டு முழுவதும் தனக்கொடிக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

மூன்று மாதத்தில் பதினோரு தபால் ‘விலாசதாரர் தெரியவில்லை’ என்று திரும்பிப் போயின. போஸ்ட்மாஸ்டர் கிருஷ்ணசாமி நல்லவர். கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ போதாத காலம்.

“ஏம்மா தனக்கொடி, வெயில்ல அலைஞ்சு கஷ்டப்படறியே, பாவம்.”

“எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல சார்.”

“இல்லம்மா. உள்ள ஃபேன் கீழ முத்திரை குத்தற மேசை காலியா இருக்கு. இந்த மாசம் இன்னும் ஒரே ஒரு தபால் தெரியலன்னு திரும்பி வந்துச்சுன்னு வையி, பீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்ன அங்க உக்கார வெச்சிடறேன். நிம்மதியா இரு.”

நிம்மதி! அந்த மேசையில் முன்னால் இருந்தவர் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியோடு ஒட்டிப்போய், ரிட்டையர் ஆன அன்று நாற்காலியோடுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. தனக்கொடி அன்று ராத்திரி சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. பிரான்சிலிருந்து பதிவுத் தபால். நீள உறை, இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்த விலாசம். முதலில் பெரிய வி ஒன்று, ஒட்டினாற்போல் சின்ன வி ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்ன இ ஒன்று. பிறகு குப்புசாமி என்கிற பெயர், பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிற மாதிரி தேவைக்கு மேல் எழுத்துகளைப் போட்டு. 14, செவ்வரளி நகர், சாரம்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் எழுத்து இருந்தால் அது இனிஷியல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தனக்கொடி வி.வி.இ. குப்புசாமியைத் தேடக் கிளம்பினாள். பதிவுத் தபாலை ஏழு நாள் கையில் வைத்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கடிதம் பிரான்சுக்கும், அவள் முத்திரை மேசைக்கும் போக வேண்டியதுதான்.

முதல் பதினாலில் ஒரு டியூஷன் சென்டர். இரண்டாவது பதினாலில் இருந்தவர், “குப்புசாமின்னா நாந்தான். ஆனா இனிஷியல் கே. வேணும்னா குடுத்துட்டுப் போங்க, படிச்சுப் பாக்கறேன்” என்றார். மூன்றாவது பதினாலில், “மூணு இனிஷியலா? அப்போ பெரிய குடும்பம். இங்கல்லாம் ஏது?” என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது தெருக் கோடியில் கம்பிக் கதவுக்குச் சங்கிலி போட்டு, மதில் முழுக்கக் காகிதப்பூ படர்ந்து நம்பரே தெரியாத ஒரு வீடு. கதவைத் தட்டினாள், மணியை ஆட்டினாள், கூப்பிட்டாள். சத்தமே இல்லை.

“அங்க போயி இன்னாத்துக்கு நிக்கறீங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “ஒரு வயசான அம்மா மட்டும்தான். கதவே தொறக்காது. ஆம்பளையே இல்லாத வூட்ல குப்புசாமி எங்கருந்து வருவாரு?”

சரிதானே என்று தனக்கொடி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை அந்தத் தெருக்களின் முனையிலிருந்த அரசு தொடக்கப் பள்ளியில் அவளைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் ‘நமக்கு உதவுவோர்’ பாடம். அந்த வகுப்புக்கு சிவசங்கரி டீச்சர். அவளிடம் இருபத்து மூன்று பிள்ளைகள். எதையும் வரையாமல் படிப்பதில்லை. கழித்தல் கணக்குக்கு முறுக்கு வரைந்து கடித்துக் காட்டுவார்கள். மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டால் ஈரத் தூரிகையை உதறிக் காட்டுவார்கள், கேட்டவர் நனைந்துதான் போக வேண்டும். வரைந்ததை நோட்டில் மூடி வைப்பதும் கிடையாது, யாருக்காவது உபயோகப்பட வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. போன மாதம் ரேஷன் கடைப் படிகளின் ஓரத்தில் மஞ்சள் பட்டை தீட்டினார்கள், வயதானவர்களுக்குப் படி தெரியட்டும் என்று. அதற்குப் பிறகு ஒருவரும் தடுக்கி விழவில்லை. பட்டையின் அழகைப் பார்த்துக்கொண்டே வந்த ஒருவர் கம்பத்தில் இடித்துக்கொண்டார், அது வேறு கதை.

காக்கி உடுப்போடு உள்ளே நுழைந்த தனக்கொடியை முன்வரிசைக் கலைவாணன் மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

“புக்ல போஸ்ட்மேனுக்கு மீச இருக்கே. உங்களுக்கு எங்க?”

“வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்பா. வெயில்ல வேர்க்குது.”

வகுப்பு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கேள்விகள் வந்தன. நாய் கடித்திருக்கிறதா? கடித்திருக்கிறது, பிறகு அந்த நாய்க்குத்தான் ஊசி போட்டார்கள். லெட்டரைப் பிரித்துப் படிப்பீர்களா? மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுப்பேன். கடைசியாக ஜன்னலோரத்தில் இருந்த பூர்ணிமா எழுந்தாள். பேசுவதற்கு முன் பாவாடையை முறுக்கிக்கொள்கிற பெண்.

“மிஸ், இவங்க நமக்கு உதவுறாங்க. இவங்களுக்கு யாரு மிஸ் உதவுவாங்க?”

டீச்சர் தனக்கொடியைப் பார்த்தாள். பிள்ளைகளும் பார்த்தார்கள். தனக்கொடிக்குப் பொய் தயாராக இருந்தது, ஆனால் இருபத்து மூன்று ஜோடிக் கண்ணுக்கு முன்னால் அது வெளியே வரவில்லை.

“யாருமில்ல பாப்பா. எனக்கு உங்க தெருவுல வீடு கண்டுபிடிக்கவே தெரியல. நம்பரெல்லாம் தாறுமாறா இருக்கு. இப்டியே போனா என்ன உள்ள உக்கார வெச்சிடுவாங்க.”

“உக்காரறது நல்லதுதானே?” என்றான் கலைவாணன்.

“உனக்கு பி.டி. பீரியட கட் பண்ணி நாள் பூரா உக்கார வெச்சா?”

ஐயோ என்று வகுப்பே வாயில் கை வைத்தது. விஷயத்தின் கனம் அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

“எங்களுக்கு எல்லா வீடும் தெரியும் போஸ்ட்மேன் ஆன்ட்டி!” என்று ஒரே கூச்சல்.

சிவசங்கரி டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியின் மதில், தெருவைப் பார்த்த பக்கம், இருபதடி நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. அதில் செவ்வரளி நகரை வரைவது என்று முடிவானது. “ஆனா நம்பர் போடக் கூடாது, பேரும் எழுதக் கூடாது. குழப்பமே அதனாலதான். அந்த வீட்ட நீங்க எப்டி அடையாளம் சொல்வீங்களோ அத வரையணும். கண்ணால பாத்தத மட்டும் வரைங்க. நீங்களா யோசிச்சு எதையும் சேக்காதீங்க.”

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வரிசையாகக் கை கோத்துக்கொண்டு நான்கு தெருவையும் காலடியால் அளந்தார்கள். கம்பங்களை எண்ணினார்கள். எழுபது வரை சரியாக எண்ணத் தெரியாதவர்களுக்கும் அன்று எண்ணத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை தீட்டினார்கள். கொய்யா மரம், சிவப்பு வாளி, மூன்று கால் நாய், மாடியில் காய்கிற பச்சை லுங்கி, எல்லாம் மதிலில் ஏறின.

ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு வீட்டை எப்படி அடையாளம் வைத்திருப்பார்கள்? பந்தை வைத்துத்தான். தெருவில் ஆடும்போது பந்து உள்ளே விழுந்தால் அந்த வீடு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது மனிதர்களின் தரம். எனவே ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு பந்து வரைந்தார்கள். பந்துக்குப் பக்கத்தில் கை இருந்தால் பந்தைத் தருகிற வீடு. கையில் டம்ளரும் இருந்தால் குடிக்கத் தண்ணீரும் தருகிற வீடு. திறந்த வாய் இருந்தால் திட்டிவிட்டுத் தருகிற வீடு. பந்தின் மேல் குறுக்கே கோடு போட்டிருந்தால் தராத வீடு. அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று, காகிதப்பூ வீடு.

எழுத்தே இல்லாத படம்தான். ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போனவர்கள் பால் வாங்காமல் மதிலுக்கு முன்னால் நின்றார்கள். டம்ளர் வாங்கியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாய் வாங்கியவர்கள் தலைமை ஆசிரியை பார்வதியின் அறைக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்தவர் ராமலிங்கம், நகர் நலச் சங்கச் செயலாளர். முப்பது வருடம் மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். மில் மூடிய பிறகும் குரலை மூடவில்லை. அவர் ‘காப்பி’ என்று கேட்டால் பக்கத்துத் தெருவில் அடுப்புப் பற்ற வைப்பார்கள்.

“என் வூட்டு மேல வாயி! அதுல பல்லு! எண்ணிப் பாத்தேன் டீச்சர், நாப்பது பல்லு! எனக்கு இருக்கறதே பதினெட்டு!”

“கொழந்தைங்க ஏதோ…”

“கொழந்தைங்களா? ஊருக்கே போஸ்டர் ஒட்டிட்டு கொழந்தைங்களா? அந்த மதிலு வெள்ளையாவணும். சுண்ணாம்பு நானே கொண்டாறேன்!”

பார்வதி டீச்சருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மதில் வெள்ளையாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

இத்தனைக்கும் அந்தப் படம் வேலை செய்தது. உறையில் இருந்த பெயரைத் தனக்கொடி படித்தால் அது எந்தப் படம் என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டினார்கள். வியாழக்கிழமை ஒரே நாளில் நான்கு கடிதம் சரியான வீட்டில் சேர்ந்தன. மூன்று கால் நாய் வீட்டுக்கு ஒன்று, பச்சை லுங்கிக்கு இரண்டு, சிவப்பு வாளிக்கு ஒன்று. வி.வி.இ. குப்புசாமி மட்டும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

“நாலு மணிக்குள்ள அந்த பிரான்ஸ் தபாலுக்கு கையெழுத்து வந்தாவணும். இல்லன்னா திருப்பிடலாம்மா.”

அவள் நான்கு தெருவையும் மறுபடி ஒரு சுற்று சுற்றினாள். மதியம் பள்ளிக்கூட முனைக்கு வந்தபோது ராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியில் மட்டையை முக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்பு முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வீச்சிலேயே நாற்பது பல்லும் மறைந்தன. ராமலிங்கம் வீடு வெள்ளைக் கட்டமானது.

“போச்சு” என்றான் கலைவாணன். “எவ்ளோ கஷ்டப்பட்டு பல்லு போட்டேன். என்னோடதும் சேத்துத்தான் போட்டேன்.”

தனக்கொடி மதிலோரமாகவே நடந்தாள். இந்தத் தெருக்களில் இனி நடப்போமோ மாட்டோமோ, படத்திலாவது ஒரு முறை நடந்துவிடலாம் என்று தோன்றியது. கொய்யா மரம் தாண்டி, நாய் தாண்டி, இரண்டாவது தெருக் கோடிக்கு வந்தாள். குறுக்குக் கோடு போட்ட பந்து. அதற்குக் கீழே சங்கிலிக் கதவு, காகிதப்பூ. பூவுக்கு நடுவில் ஒரு பெரிய பறவை, ஒரு சின்னப் பறவை, ஒரு நத்தை.

அவள் கால் நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கால் தானாக நின்றது அதுதான் முதல் தடவை என்று சத்தியம் செய்து சொல்லலாம்.

“பாப்பா! இந்த வீடு யார் வரைஞ்சது?”

பூர்ணிமா பாவாடையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நாந்தான்.”

“இதென்ன, ரெண்டு காக்கா?”

“தெரியல. அங்க இருந்துச்சு. பந்து எடுக்க மதில்ல ஏறி எட்டிப் பாத்தனா, உள்ள வாசல் மேல இரும்புல செஞ்சு வெச்சிருக்காங்க. பெரிய பறவ, குட்டிப் பறவ, அப்புறம் நத்த. அதுக்குப் பக்கத்துல இருக்கறதெல்லாம் ஒரே பூவா மூடிடுச்சு. மிஸ் பாத்தது மட்டும்தானே வரையச் சொன்னாங்க?”

தனக்கொடி பையிலிருந்து உறையை எடுத்து மதிலில் வைத்தாள். பெரிய வி, சின்ன வி, சின்ன இ. பெரிய பறவை, சின்னப் பறவை, நத்தை. இரண்டு வியும் சிறகு விரித்திருந்தன, இ நத்தையாகச் சுருண்டிருந்தது.

ராமலிங்கத்தின் மட்டை அடுத்த வீட்டுக்கு வந்திருந்தது.

“யண்ணே! யண்ணே, கைய எடுங்க!”

“இன்னாத்துக்கு எடுக்கணும்?”

“இதுல ஒரு கவர்மென்ட் விலாசம் இருக்கு. அழிச்சீங்கன்னா கேஸ் ஆயிடும்!” அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. ஆனால் காக்கி உடுப்பு சொன்னதால் ராமலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்தது.

அடுத்த ஐந்தாவது நிமிடம் காகிதப்பூ வீட்டுக்கு முன்னால் தனக்கொடி, சிவசங்கரி டீச்சர், இருபத்து மூன்று பிள்ளைகள், வாளியோடு ராமலிங்கம். தட்டினார்கள். கூப்பிட்டார்கள். ராமலிங்கமே கூப்பிட்டுப் பார்த்தார். ஜிப்மர் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும், வீட்டுக்குள் கேட்கவில்லை.

“உள்ள ஆள் இருக்காங்க” என்றாள் பூர்ணிமா. “பந்துக்காக வந்திருக்கோம்னு நெனச்சுக்குவாங்க. அதான் தொறக்க மாட்டாங்க.”

“அப்போ எதுக்குத்தான் வெளிய வருவாங்க?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பந்து உள்ள விழுந்தா வருவாங்க. எடுத்து வெச்சுக்கறதுக்கு.”

கலைவாணன் சட்டைப் பைக்குள் கை விட்டான். அதில் இருந்தது அவனுடைய கடைசிப் பந்து. கொஞ்ச நேரம் அதைத் தடவினான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். “பி.டி. பீரியட் இல்லாம இருக்கறது பாவம் ஆன்ட்டி. போட்டுக்கங்க.”

மத்திய அரசு ஊழியர் ஒருவர் பணி நேரத்தில் இன்னொருவர் வீட்டுக்குள் பந்து எறியலாமா என்று எந்த விதிப் புத்தகத்திலும் போட்டிருக்காது. தனக்கொடி எறிந்தாள். முதல் தடவை மதிலில் பட்டு ராமலிங்கத்தின் வாளிக்குள் விழுந்தது. எடுத்து மறுபடி எறிந்தாள். உள்ளே ஏதோ தகரம் ‘டணார்’ என்றது.

கதவு திறந்தது. வெள்ளைப் புடவை, கையில் துடைப்பம், கண்ணில் நெருப்பு.

“எவன்டா அது?”

“நாந்தாம்மா. தபால். குப்புசாமி சார் இருக்காங்களா? வி.வி.இ. குப்புசாமி?”

துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது. “அவரு போயி இருவத்தி நாலு வருஷம் ஆச்சே. வி.வி.இ.யா? அது யாரு புதுசா?”

தனக்கொடி உறையைக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்டி, இது இனிஷியலா? இது ‘வெவ்’. பிரெஞ்சுல விதவைன்னு அர்த்தம், சுருக்கி எழுதியிருக்கான். குப்புசாமியோட விதவைன்னா நாந்தான். அவரு பிரெஞ்சு மிலிட்டரில இருந்தாரு. இந்தத் தெருவுல அவரு பேரே யாருக்கும் தெரியாது, சிப்பாய்க்கு பிரெஞ்சுல சொல்தா, அதனால சொல்தா சொல்தான்னே கூப்பிட்டானுங்க. நான் சொல்தா வூட்டம்மா. அப்புறம் அதுவும் மறந்து போச்சு. அவரு போனப்புறம் வாசல் மேல இரும்புல அடிச்சு வெச்ச இந்தப் பேரும், பழசுக்கும் பழசான பதினாலாம் நம்பரும் பூவுல மூடிப் போச்சு.”

“போன வாரமே வந்து தட்டினேனேம்மா.”

“பந்து கேக்கற பசங்கன்னு நெனச்சேன்.” உறையைப் பிரித்துப் பார்த்தாள். “அதானே பாத்தேன். அவரு பென்சன் குடுக்கறவன், உயிரோட இருக்கியா, இருந்தா கையெழுத்து போட்டு அனுப்புன்னு வருஷா வருஷம் கேப்பான். பந்து போட்டு கேட்டது இந்த வருஷம்தான்.”

ஒப்புகைச் சீட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள், சாவகாசமாக, கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து. தனக்கொடி நேரம் பார்த்தாள். மூன்று பத்து. பிள்ளைகள் இன்னும் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா நிக்கறீங்க?”

“ஆயா, பந்து” என்றான் கலைவாணன்.

“பாத்தியா! இதான். ஏய் ஆயா பந்து, ஏய் ஆயா பந்து. ஒருத்தனாவது எம் பேர கேட்டிருப்பானா? பேரு சொல்லி கேட்டா அன்னிக்கே குடுத்திருப்பேன்.”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் வேறு எங்கோ பார்த்தாள். பூர்ணிமா பாவாடையை முறுக்கினாள்.

“உங்க பேரு இன்னா ஆயா?”

“மணியம்மா.”

“மணியம்மா ஆயா, பந்து குடுங்க.”

அதற்கப்புறம் நடந்ததை செவ்வரளி நகரில் இன்றும் ஆளுக்கொரு கணக்காகச் சொல்கிறார்கள். முப்பது பந்து என்பவர்கள் உண்டு, நூற்றுப் பத்து என்பவர்களும் உண்டு. மதிலுக்கு மேலாகப் பந்து மழை கொட்டியது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருவன் அந்தப் பக்கம் பைக்கில் வந்து, தான் மூன்றாவது படிக்கும்போது தொலைத்த பந்தை அடையாளம் கண்டு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மதிலுக்குத் திரும்பி வந்தபோது ராமலிங்கம் தன் வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் நின்றார். எல்லா வீட்டுக்கும் ஒரு படம் இருந்தது. அவர் வீட்டுக்கு ஒன்றுமே இல்லை.

“இப்ப எனக்கு ஒரு தபால் வந்தா?” என்றார், அவருடைய அளவுக்கு மிகவும் தாழ்ந்த குரலில்.

“தெரியலயே அண்ணே” என்றாள் தனக்கொடி.

“டேய் பல்லில்லாதவனே, இங்க வா. வாயி வேணாம். வேற எதனா போடு.”

கலைவாணன் அவரைச் சுற்றி வந்து பார்த்தான். “உங்களப் பாத்தா சத்தம்தான் தோணுது தாத்தா.”

ராமலிங்கம் யோசித்தார். “எங்க மில்லுல சங்கு ஒண்ணு இருந்துச்சு. காலைல ஊதினா ஊரே எழுந்துக்கும். அத போடு.”

பையன் சங்கு வரைந்தான். அவனுக்குத் தெரிந்தது கோயில் சங்கு, அதைத்தான் வரைந்தான். மில் சங்கு நீராவியில் ஊதுகிற குழாய் என்று சொல்ல ராமலிங்கத்துக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போனவர், பாதி வழியில் திரும்பி ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தனக்கொடி ஒப்புகைச் சீட்டைப் போஸ்ட்மாஸ்டர் மேசையில் வைத்தாள். கிருஷ்ணசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வால் வைத்த கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கெடச்சாரா வி.வி.இ.?”

“அவரு அவரில்ல சார், ஒரு வயசான அம்மா. ரெண்டு காக்கா, ஒரு நத்தை.”

அவர் இழுப்பறையைத் திறந்து, ஓரம் மடங்கிய மூன்று கடிதங்களை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“இது ரெட்டியார்பாளையம் பக்கம். அந்த பீட் பையன் நாலு நாளா தேடறான், கெடைக்கல. முத்திரை மேசைக்கு நான் வேற ஆள பாத்துக்கறேன். நாளைக்கு உன் பீட்ட முடிச்சிட்டு அப்டியே இதையும் ஒரு நட பாத்துட்டு வரியா?”

தனக்கொடி கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

“ஏன் சார், அந்தத் தெருவுல ரெண்டாங்கிளாஸ் பசங்க எங்க படிக்கறாங்க?”